பஸ் ரோட்டில் பாதியை மூட என்ஓசி வாங்கிய கதை

சாலையின் மேற்குப் பாதியில் வடிகால் வேலை முடிந்து தார் போட்டாகிவிட்டது. கிழக்குப் பாதிக்கான அனுமதியும் கையில் இருக்கிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், அடுத்து பஸ் ரோட்டைக் குறுக்கே வெட்டப்போகிறவர்களுக்கு உதவும்.

தென்சென்னையில் கடைகள் நெருக்கமாக உள்ள ஒரு சாலையின் குறுக்கே மழைநீர் வடிகாலுக்கு ப்ரீகாஸ்ட் பாக்ஸ் (முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பெட்டி) இறக்க வேண்டும். முழுச் சாலையையும் மூட யாரும் விடமாட்டார்கள் என்பதால் பாதி பாதியாக. சாலை வெட்ட அனுமதி, டெபாசிட், மண்ணுக்குள் கேபிளும் குழாயும் எங்கே போகின்றன என்ற விவரம் எல்லாம் பெரிய இழுபறி இல்லாமல் வந்துவிட்டன. போக்குவரத்து போலீஸின் என்ஓசி-க்கு, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்றுக்கு, கொடுக்க வேண்டிய டிராஃபிக் பிளானில்தான் மாட்டிக்கொண்டோம்.

கன்சல்டன்ட் கொடுத்த பிளான் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஏதோ நெடுஞ்சாலை வேலைக்கு வரைந்ததை எடுத்துச் சாலைப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ‘வேலை நடைபெறுகிறது’ பலகை ஒரு கிலோமீட்டருக்கு முன்னால்! எங்கள் சைட்டிலிருந்து அவ்வளவு தூரம் போனால் இரண்டு சிக்னல் தாண்டி வேறு ஏரியாவே வந்துவிடும். இதற்கான கையேடு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வெளியிட்ட ஐஆர்சி எஸ்பி 55, 2014-இல் வந்த பதிப்பு. வண்டிகள் 50 கிலோமீட்டர் வேகத்துக்குள் வரும் சாலைக்கு முன்னெச்சரிக்கைப் பகுதி 100 மீட்டர், வண்டிகளைப் படிப்படியாக ஒரு பக்கம் ஒதுக்கும் பகுதி 50 மீட்டர் என்றுதான் அதில் இருக்கிறது. பிளான் வந்ததும் முதலில் இந்த எண்களைப் பாருங்கள். அவை தப்பென்றால் மீதியையும் நம்பாதீர்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை, பள்ளத்தின் அகலத்தை மட்டும் வைத்து பேரிகேட் கோடு போட்டிருந்தார்கள். பாக்ஸை யார் இறக்குவது? கிரேன். அது அவுட்ரிகரை (சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் நீட்டும் கால்களை) விரித்து நின்றால் பேரிகேட்டைத் தாண்டி, வண்டிக்கு விட்டிருந்த ஒரே லேனுக்குள் கால் வைக்கும். கிரேன் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, சுண்ணாம்புத் தூளில் தரையில் கோடு போட்டு அளந்தோம். பாக்ஸ் இறக்கும் இரவுகளுக்கு மட்டும் தனியாக ஒரு பிளான் போட வேண்டியதாயிற்று. பகல் பிளான் ஒன்று, இரவு பிளான் ஒன்று எனச் சேர்த்தே கொடுங்கள். ஒரே பிளானில் இரண்டையும் திணித்தால் கேள்விக்கு மேல் கேள்வி வரும்.

திருத்திய பிளானோடு போனபோது ஸ்டேஷனில் ஒரு ஏட்டையா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, பேப்பர்ல ரோடு காலியா இருக்கு. காலைல எட்டரைக்கு வாங்க, காட்டறேன்.” போனேன். வண்டிகள் ஒதுங்க வேண்டிய அந்த 50 மீட்டருக்குள்ளேயே பஸ் ஸ்டாப். பஸ் நின்றால் பின்னால் வரும் அத்தனை வண்டியும் நிற்கும். அதை அடுத்து ஆட்டோ ஸ்டாண்டு, ஸ்கூல் வேன்கள் திரும்பும் சந்து, ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நாட்களைப் பார்த்துத் தேதி குறிக்கச் சொன்னதும் அவர்தான். கன்சல்டன்ட்டுக்குக் கொடுத்த பணத்தில் பாதியை அவருக்குக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. (டீ கூட வாங்க மறுத்துவிட்டார்.)

பஸ் ஸ்டாப்பைத் தற்காலிகமாகத் தள்ளி வைக்கலாம் என்றால், அங்கே ஆரம்பித்தது கண்ணாமூச்சி. ஓர் அலுவலகத்தில், “போலீஸ் லெட்டர் இருக்கா?” இன்னோர் அலுவலகத்தில், “பஸ்காரங்க லெட்டர் கொண்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்.” எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் உதவிப் பொறியாளர் கூட்டாய்வுக்கு ஏற்பாடு செய்தபிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. எல்லாத் தரப்பும் சைட்டில் இருக்கும்போதே ‘நிறுத்தத்தை இந்த மின்கம்பம் வரை தள்ளலாம்’ என்று ஒரு தாளில் எழுதி, அங்கேயே கையெழுத்து வாங்கிவிட்டோம். ஆபீஸுக்குப் போய் மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) அனுப்புகிறோம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள்.

அந்தக் கூட்டாய்வும் முதல் தடவை வீண்தான். கார், பைக்குகளைத் திருப்பிவிடுவதாகப் பிளானில் காட்டிய பக்கத்துத் தெருவுக்கு எல்லோரும் நடந்து போனால், வேறொரு துறை அதை நடுவில் தோண்டிப் போட்டிருக்கிறது! ஒரு பலகைகூட இல்லை. வந்த அதிகாரிகள் சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மாற்றுப்பாதையைக் கூட்டாய்வுக்கு முந்தின நாள் மாலை பைக்கில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது. தாழ்வாகத் தொங்கும் கேபிள், வீடு கட்டக் கொட்டிய மணல் எல்லாம் கண்ணில் படும்.

நடுவில் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிக்கு மாறுதல் வந்தது. புதியவர் முதலிலிருந்து கேட்டார். ஒவ்வொரு தாளுக்கும் அலுவலகம் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகல் வைத்திருந்ததால் பிழைத்தோம்.

அனுமதியில் போடும் தேதி இன்னொரு கண்ணி. பாக்ஸ் அதை வார்க்கும் யார்டிலிருந்து எப்போது கிளம்பும் என்று உறுதியாகத் தெரியாமல் தேதி கேட்காதீர்கள். எங்களுக்கு லோடு தாமதமாகி, கடைசி நாளில் நீட்டிப்புக் கடிதத்தோடு ஓட வேண்டியதாயிற்று. ஐப்பசி நெருங்கிவிட்டால் நீட்டிப்பு பற்றி வாயே திறக்க முடியாது. மழைக்காலத்தில் சாலையை வெட்ட விடுவதில்லை.

மூடிய முதல் நாள் பயந்த அளவுக்கு எதுவும் இல்லை. நடப்பவர்களுக்கு பேரிகேட்டை ஒட்டித் தனி வழி விட்டிருந்தோம். கடைக்காரர்கள் சண்டைக்கு வராததற்கு அதுதான் காரணம். வண்டிகளை ஒழுங்குபடுத்த நாங்கள் வைத்த மார்ஷல்கள் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார்கள், யாரும் மதிக்கவில்லை. மதியத்துக்கு மேல் ஆட்டோ ஸ்டாண்டு தலைவரே நடுவில் இறங்கி, “அண்ணே, லெஃப்ட்ல ஒதுங்கு” என்று சத்தம் போட ஆரம்பித்ததும் வரிசை சீரானது. ஸ்டாண்டை மாற்றச் சொன்னபோது எங்களைத் திட்டித் தீர்த்த அதே மனிதர்தான். கிழக்குப் பாதிக்கு அவருடைய ஆட்கள் இரண்டு பேரையே நாள் கூலிக்கு மார்ஷலாகப் பேசியிருக்கிறோம். பாக்ஸ் இந்த முறை யார்டில் தயாராக இருக்கிறது, நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் தேதி கேட்டேன்.