பக்கத்து நாற்காலியில் முப்பது ஆண்டுகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் துணைப் பயிற்சியாளர்கள் எதிரணியின் ஆட்டக் காணொளிகளை இரவெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்கள். நல்ல பள்ளி ஆட்டக்காரர்களைத் தேடி ஊர் ஊராக அலைகிறார்கள். தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால், பெரும்பாலும் அவரோடு சேர்ந்து வேலையையும் இழக்கிறார்கள். அதனாலேயே பில் கத்ரிஜ் மீது எனக்குத் தீராத மதிப்பு உண்டு. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1967 முதல் 30 ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் துணைப் பயிற்சியாளராகவே இருந்த அவர், 1997 அக்டோபரில் ஸ்மித் ஓய்வுபெற்ற பிறகு அவர் இடத்துக்கு வந்து, தம் 60-ஆம் வயதில்தான் முதன்முறையாகக் கல்லூரி அணி ஒன்றுக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். மூன்றே பருவங்களில் 80 வெற்றிகளைப் பெற்று, 1998-இலும் 2000-இலும் அணியைத் தேசியப் போட்டியின் அரையிறுதிக்குக் கொண்டுசென்றுவிட்டு, அந்த ஆண்டே ஓய்வுபெற்றார். ஸ்மித்தைப் புகழ்ந்து பேசுபவர்கள் இவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.