ரீஃப்ளோ ஓவனில் ஒட்டாத ஸ்டிக்கர்

அரசு மானியத்தில் வாங்கிய மெஷினுக்கு ஒரு ஸ்டிக்கர் உண்டு. வெள்ளி நிறம், விரல் நீளம், அதன் மேல் சொத்துப் பதிவேட்டு எண். சரிபார்க்க வரும் அதிகாரி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மெஷின் மெஷினாகப் போவார். எண்ணைப் பார்ப்பார், டிக் போடுவார், செல்போனில் படம் எடுப்பார். சர்க்யூட் போர்டைச் சுட்டுப் பாகங்களை ஒட்டவைக்கும் எங்கள் ரீஃப்ளோ ஓவனில் மட்டும் அந்த ஸ்டிக்கர் நிற்கவே நிற்காது. உள்ளே உச்சத்தில் 245 டிகிரி. வெளித்தகடு கை வைக்கிற சூடுதான், ஆனாலும் இரண்டு வாரத்தில் பசை இளகி ஸ்டிக்கர் தரைக்கு வந்துவிடும். அதிகாரி வருகிற அன்று காலையும் தரையில்தான் கிடந்தது. நான் குனிந்து எடுத்து மறுபடி அழுத்திக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, மிஷினுக்கெல்லாம் நம்பர் ஒட்டுறியே, எனக்கும் ஒண்ணு ஒட்டிவிடு. எத்தனை வருஷமா இங்கேயே நிக்கிறேன்."

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாற்பத்துச் சொச்சம் பேர் வேலை செய்யும் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஆலை எங்களுடையது. சர்க்யூட் போர்டில் சோல்டர் பேஸ்ட் என்கிற உலோகப் பசையை அச்சடித்து, பாகங்களை மெஷினால் பதித்து, ஓவனில் சுட்டு, சோதித்து அனுப்புவோம். ப்ரீபெய்ட் மின்மீட்டர் போர்டு, வீட்டு கேட் மோட்டார் போர்டு, கொஞ்சம் கார் சாமான். ஓசூரில் இதே வேலையைச் செய்துவிட்டு இங்கே வந்து பதினோரு வருடமாகிறது. என் வேலை பிராசஸ் இன்ஜினியர். மானிய விண்ணப்பம் எழுதுவது என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், மெஷினின் பெயரையும் மாடல் எண்ணையும் தப்பில்லாமல் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஸ்டிக்கர் கேட்ட அக்கா, டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த்காரர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் வந்து சேர்ந்ததே, அதற்குப் பின் வந்த ஏதோ ஒரு கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். அவர் வயதுக்காரர்கள் பலருக்கு இங்கே தமிழ் கோயில் பாட்டோடு நின்றுவிட்டது. அக்காவை வளர்த்தது அவருடைய ஆயா. அதனால் பேசுவார். ஆங்கிலம் கலந்த, நம் ஊரில் இப்போது கேட்கக் கிடைக்காத பழைய வாடை வீசும் தமிழ். லைனில் அவர் இடம் பேஸ்ட் பிரின்டருக்குப் பக்கத்தில். பேஸ்ட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் அளவெடுக்கும் கருவி இருக்கிறது. அக்கா அதைப் பார்க்கவே மாட்டார். பிளேடு தள்ளும்போது பேஸ்ட் உருண்டு வருகிற விதத்தைப் பார்த்துவிட்டு, "ஆடிக் கூழ் மாதிரி இருக்கு, கொஞ்சம் பொறு" என்பார். பொறுத்தால் சரியாகிவிடும். பொறுக்காமல் ஓட்டிய நாட்களில் ஐம்பது போர்டைத் தூக்கிப் போட்டிருக்கிறோம்.

சரி, மானியத்துக்கு வருகிறேன். எந்தத் திட்டம், எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. இன்னும் ஒரு கிளெய்ம் பாக்கி இருக்கிறது.

பொதுவாக இந்த நாட்டில் இது எப்படி நடக்கும் என்பதற்குக் கார்த் துறைத் திட்டம் நல்ல உதாரணம். கார் கம்பெனி போடும் தகுதியான முதலீட்டில் 20 சதவீதமும், உதிரிபாகம் செய்பவருக்கு 25 சதவீதமும் அரசு ரொக்கமாகத் தரும் என்ற கணக்கில் தொடங்கியது. கேட்க இனிப்பாக இருக்கும். முதலில் நீங்கள் முழுப் பணத்தையும் போட்டு வாங்க வேண்டும், மெஷின் ஓட வேண்டும், அப்புறம் ரசீதோடு கிளெய்ம் போட வேண்டும், மூன்று வருடத்தில் பிரித்துப் பிரித்து வரும். இதெல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும். நாங்கள் போட்ட திட்டமும் இதே வகைதான்.

அதில் முதல் அடியே எங்களுக்குத் தப்பாக விழுந்தது. புது லைனுக்கு நான்கு மெஷின். பேஸ்ட் பிரின்டர் விற்பவர், இந்த மாதம் அட்வான்ஸ் கட்டினால் இந்த விலை, அடுத்த மாதம் விலை ஏறும் என்றார். இந்நாட்டு நாணயமான ராண்ட் வேறு சரிந்துகொண்டிருந்தது. எங்கள் முதலாளி விவரமான மனிதர், பத்து சதவீதம் கட்டி விலையைப் பூட்டிவிட்டார். விண்ணப்பம் போய் ஏழு வாரம் கழித்து ஒப்புதல் கடிதம் வந்தது. அதில் மூன்று மெஷின்தான் இருந்தது. ஒப்புதலுக்கு முன்பே ஆர்டர் கொடுத்த பொருளுக்கு மானியம் கிடையாது. விதி இருக்கிறது, நான்தான் படிக்காமல் விட்டிருந்தேன். "மானியம் இல்லாமலேயே வாங்கத் தயாராக இருந்தவருக்கு அரசுப் பணம் எதற்கு?" என்று போனில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விலையைப் பூட்டாமல் காத்திருந்த மற்ற மூன்று மெஷினும் அந்த ஏழு வாரத்தில் ராண்ட் கணக்கில் விலை ஏறியிருந்தன. மானியமோ பழைய கொட்டேஷன் தொகைக்குத்தான்.

ஒப்புதல் கடிதத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனோம். மேலாளர் நிதானமாகப் படித்தார். "இது பணம் இல்லை, பணம் வரலாம் என்கிற கடிதம்" என்றார். கடைசியில் முதலாளியின் வீட்டுப் பத்திரத்தின் மேல் கடன் வாங்கி மெஷின் வந்தது. முதல் தவணை மானியம் கைக்கு வரப் பதினான்கு மாதம். வரி பாக்கியில்லாச் சான்று ஒருமுறை காலாவதியாகி, கறுப்பின மக்களின் பொருளாதாரப் பங்குக்கான மதிப்பெண் சான்று புதுப்பிக்கப்பட்டு, ஸ்டிக்கர் பல முறை விழுந்து, ஒருவழியாக வந்தது. வட்டியைக் கூட்டிப் பார்த்தால் மானியத்தில் பாதி அதற்கே போயிருந்தது. வாங்காமல் இருந்திருக்கலாமா என்றால் இல்லை. மீதிப் பாதி இல்லாவிட்டால் லைனே இல்லை. ஆனால் கையில் ஏற்கெனவே காசு இருந்தவர்களுக்கு இந்த மானியம் முழுசாகக் கிடைத்தது, எங்களுக்குப் பாதிதான் கிடைத்தது.

அதனால்தான் இந்தியாவிலிருந்து வரும் செமிகண்டக்டர் செய்திகளில் மற்றவர்கள் தொகையைப் பார்க்கும்போது நான் பணம் எப்போது வருகிறது என்பதைத் தேடுகிறேன். குஜராத்தின் சானந்தில், அமெரிக்க சிப் கம்பெனி மைக்ரானின் ஆலைக்கு மொத்தம் 22,516 கோடி ரூபாய். அதில் பாதி மத்திய அரசு, 20 சதவீதம் குஜராத் அரசு. நூற்றுக்கு எழுபது பொதுப்பணம்! தொகையைவிட எனக்குப் பொறாமையாக இருந்தது இன்னொன்று. 2021 டிசம்பரில் 76,000 கோடியோடு அறிவித்த அந்தத் திட்டத்தில், கம்பெனி தன் பங்கைப் போடப் போட அரசும் தன் பங்கைக் கூடவே போடும். செய்து முடித்துவிட்டு ரசீதோடு வா என்பதில்லை. உலகப் பெரும் கம்பெனிக்கு உடனுக்குடன், வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தவருக்குப் பதினான்கு மாதம் கழித்து!

தம்பி மகன் கோவை கணபதியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறான். 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு செமிகண்டக்டர் இயக்கம் 2030 என்று ஐந்து வருடத்துக்கு 500 கோடி அறிவித்து, சூலூரிலும் பல்லடத்திலும் தலா 100 ஏக்கரில் பூங்கா என்றதும் போன் செய்தான். "பெரியப்பா, சூலூர் பக்கம் இடம் வாங்கிப் போடலாமா?" இடத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும். அதற்கு அடுத்த மாதம் வந்த மின்னணு உதிரிபாகத் திட்டத்தைப் படிக்கச் சொன்னேன். மத்திய அரசின் 22,919 கோடித் திட்டத்தில் மானியம் வாங்கும் ஆலைக்கு அதே அளவை மாநிலமும் தரும் என்பது அதன் சாரம். "படிச்சேன் பெரியப்பா, ரெட்டிப்பு" என்றான். ரெட்டிப்பு சரி, எப்போ வரும் என்று இருக்கிறதா பார், அதுவரைக்கும் எந்த மெஷினுக்கும் அட்வான்ஸ் கட்டாதே என்றேன். அவனுக்கு அது சப்பென்று இருந்திருக்கும்.

ஒரு மாநில அரசு தன் கையிலிருந்து இப்படி எடுத்துப் போட முடிகிறது என்பதே இங்கே உள்ளவர்களுக்கு விளங்குவதில்லை. தென்னாப்பிரிக்க மாகாணங்களுக்குச் சொந்த வருமானம் மிகக் குறைவு. வண்டி லைசென்ஸ் கட்டணம், சூதாட்ட வரி, அது இது. மற்றதெல்லாம் தேசிய கஜானாவிலிருந்து வருவது, அதுவும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்விடும். எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தால் தர முடிவது இடம், கட்டடம், ரோடு. கிங் ஷாகா விமான நிலையத்தை ஒட்டி டூபே ட்ரேட்போர்ட் இருக்கிறது. சிறப்புப் பொருளாதார மண்டலம், தகுதியுள்ள கம்பெனிக்கு 15 சதவீத வரி, கடன் வேண்டுமென்றால் தேசிய அளவிலான தொழில் வளர்ச்சிக் கழகம். 2014இல் சாம்சங் அங்கே டிவி பூட்ட ஆரம்பித்தது. 2019 அக்டோபரில் மாரா போன் ஆலையை ஜனாதிபதி ராமபோசாவே வந்து திறந்தார், ஆப்பிரிக்காவில் செய்த ஸ்மார்ட்போன் என்று. 2022இல் அந்த ஆலை ஏலத்துக்கு வந்தது. பிரிட்டோரியாவில் ஒரு காலத்தில் 'சேம்ஸ்' என்று சிலிக்கான் தகட்டிலேயே சிப் செய்த ஆலை இருந்தது என்றால் இன்றைய பையன்கள் நம்ப மாட்டார்கள்.

2021இல் உலகமே சிப்புக்கு வரிசையில் நின்றபோது நாங்கள் வரிசையின் கடைசியில் நின்றோம். மீட்டர் போர்டில் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் என்கிற சின்னச் சிப் ஒன்றுமில்லாத விலை. அது ஐம்பத்திரண்டு வாரம் கழித்து வரும் என்று பதில் வந்தது. அந்தத் தவிப்பில்தான் இந்தியா, 2022 ஆகஸ்டில் 52.7 பில்லியன் டாலரோடு அமெரிக்கா என்று எல்லோரும் பணப்பையைத் திறந்தார்கள். எங்கள் முதலாளி அந்தச் செய்திகளை அச்செடுத்துக் கேன்டீன் சுவரில் ஒட்டிவைத்தார். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை. அவருடைய நம்பிக்கைகளே தனி. 2024 நவம்பர் 24க்குப் பிறகு பழைய ப்ரீபெய்ட் மீட்டர்கள் புது டோக்கனை, அதாவது கரண்டுக்குக் காசு கட்டினால் தரும் எண்ணை, ஏற்காது என்று வந்தபோது, நாடு முழுக்க மீட்டர் மாற்றுவார்கள், ஆர்டர் கொட்டும் என்று இருந்தார். மீட்டர் 1993லிருந்து நிமிடங்களை எண்ணிக்கொண்டு வந்தது, எண்ண இடம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். ஜனங்கள் இரண்டு இருபது இலக்க எண்ணைத் தட்டினார்கள், மீட்டர் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கியது. ஒரு ஆர்டரும் வரவில்லை.

2023 மின்வெட்டு வருடம். இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். மீட்டருக்கு அது ஒன்றுமில்லை, ஓவனுக்கு அப்படி இல்லை. திடீரென்று நின்றால் உள்ளே இருக்கும் போர்டெல்லாம் பாழ், மறுபடி சூடேறி நிலைக்க முக்கால் மணி நேரம். ஜெனரேட்டர் வைத்தோம். ஜெனரேட்டர் மூலதனச் செலவு, அதை மானியத்தில் காட்டலாம். அது குடிக்கும் டீசல் நடைமுறைச் செலவு, காட்ட முடியாது. படிவத்தை நிரப்பும்போது அக்கா எட்டிப் பார்த்துக் கேட்டார்: "பால் வாங்க காசு இல்ல, மாடு வாங்க காசு தராங்களா?"

மானியத்துக்கு இன்னொரு நிபந்தனை, ஆள் எண்ணிக்கை குறையக்கூடாது. விண்ணப்பம் போட்ட அன்று 41 பேர், கடைசி கிளெய்ம் முடியும்வரை 41 இருக்க வேண்டும். நல்ல விதி. மெஷின் வந்ததும் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் போட்டது, அந்த பயம் நியாயமானது. கையால் சோல்டர் வைத்துக்கொண்டிருந்த ஆறு பெண்கள் அந்த ஒரு வரியால்தான் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள்.

போன ஜூன் மாதம் அக்கா ஓய்வு பெற்றார். பெரிய டின் நிறைய முறுக்கும், ஆளுக்கு ஒரு ஆரஞ்சும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மறு திங்கட்கிழமையே ஃபீனிக்ஸிலிருந்து ஒரு பெண்ணைச் சேர்த்தோம். கெட்டிக்காரப் பெண், கம்ப்யூட்டர் படித்தவள். எண்ணிக்கை 41.

மூன்றாம் வாரம் அதிகாரி வந்தார். அன்று ஸ்டிக்கரை ஓவனில் ஒட்டாமல், ஓவனின் கன்ட்ரோல் பெட்டியில் ஒட்டியிருந்தேன். அந்தப் புத்தி இத்தனை நாள் கழித்து வந்தது. நான்கு மெஷினில் மூன்றுக்கு டிக். சம்பளப் பட்டியலில் தலையை எண்ணினார், 41, டிக். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இதுவரை இவ்வளவு சுத்தமான சரிபார்ப்பு நடந்ததில்லை என்று கை கொடுத்தார்.

அவர் நின்று பேசிக்கொண்டிருந்தபோதே அவருக்குப் பின்னால் லைன் மூன்றாம் முறையாக நின்றது. பேஸ்ட் பரவி ஒட்டிக்கொண்டு, ஐசி சிப்பின் கால்களுக்கு நடுவே பாலம் போட்டிருந்தது. பேஸ்ட் அச்சடிக்கும் துளைத்தகடான ஸ்டென்சிலைத் துடைத்தோம், பிளேடு அழுத்தத்தை மாற்றினோம், மெஷின் கம்பெனிக்காரனுக்கு மெயில் போட்டோம். பிறகு வெட்கத்தை விட்டுவிட்டு அக்காவுக்கு போன் செய்தேன். டிவி சத்தம் கேட்டது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டப்பாவை ஃபிரிட்ஜிலேருந்து எத்தனை மணிக்கு வெளிய எடுத்தீங்க?"

பதிவேட்டைப் புரட்டினேன். ஏழு மணி ஷிஃப்டுக்கு ஆறு ஐம்பதுக்கு எடுத்திருந்தார்கள். அச்சடிக்கும் முன் நான்கு மணி நேரம் வெளியே இருக்க வேண்டிய பேஸ்ட்.