இரு வண்ணச் சுவர்: கோடு நேராக விழுந்தது

சின்ன அறையின் ஒரு சுவருக்கு மேலே வெளிர் கிரீம், கீழே கரும்பச்சை. கிரீம் அடித்து நன்றாகக் காய விட்டாயிற்று. இந்தப் பொறுமை அவசியம். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும் எமல்ஷன் பெயின்ட் உள்ளே இறுகியிருக்காது. பச்சை படாமல் மறைக்க அதன் மேல் டேப் ஒட்டினால், எடுக்கும்போது பெயின்டும் சேர்ந்து வரும்.

ரசமட்டம் வைத்து, நூல் அடித்து, கோட்டை ஒட்டி நீல நிற டேப்பை இழுத்தேன். வெள்ளை மாஸ்கிங் டேப் விலை குறைவுதான், ஆனால் அதை ஒட்டிய அன்றே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பசை சுவரிலேயே தங்கிவிடும். நீலத்தைச் சில நாட்கள் விட்டு வைக்கலாம். பார்சல் கட்டும் பிரவுன் டேப் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது.

மாஸ்கிங் டேப் பிறந்ததே இரு வண்ணக் கோட்டுக்காகத்தான். 1920களில் அமெரிக்காவில் இரு நிறக் கார்கள் பிரபலமாக இருந்தன. பெயின்டர்கள் காகிதத்தைப் பசை போட்டு ஒட்டுவார்கள். பிரிக்கும்போது புது பெயின்டும் உரிந்து வரும். அதைப் பார்த்துத்தான் 3எம் நிறுவனத்தில் ரிச்சர்ட் ட்ரூ 1925-ல் மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார்.

சரி, சுவருக்கு வருவோம். எந்த டேப் வாங்கினாலும், கோடு சுத்தமாக விழுவது அதன் ஓரத்தை எப்படி அடைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. பட்டி பார்த்த சுவரிலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் உண்டு. அதன் வழியே பெயின்ட் டேப்புக்கு அடியில் நுழையும். ஒரு பலகைத் துண்டில் இரண்டு விதமாகவும் அடித்துப் பார்த்தேன். நேரடியாகப் பச்சை அடித்த பக்கம் ஓரத்தில் மயிரிழை மயிரிழையாகக் கசிந்திருந்தது. முதலில் கிரீமையே டேப் ஓரத்தில் மெல்லிசாகத் தடவி, காய்ந்த பின் பச்சை அடித்த பக்கம் பிளேடால் வெட்டிய மாதிரி கோடு. உள்ளே நுழைவது கிரீம்தான், அது கிரீம் மேலேயே படிகிறது. நுழைய வழியும் அடைபட்டுவிடுகிறது.

சுவரிலும் அதையே செய்தேன். உப்புத்தாள் தேய்த்த தூசியை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்ததும் டேப்பை ஒட்டி, ஓரத்தைப் புட்டி பிளேடால் அழுத்தி, கிரீம் ஒரு கை, அப்புறம் பச்சை இரண்டு கை.

கடைசிக் கை ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுத்துவிட வேண்டும். நுனியைத் தன் மேலேயே மடித்து, 45 டிகிரி சாய்வில், மெதுவாக. முழுக்கக் காய்ந்துவிட்டால் பெயின்ட் படலம் டேப்போடு சேர்ந்து கிழியும். அப்போது கட்டரால் ஓரத்தை லேசாகக் கீறிவிட்டு இழுக்கலாம்.

அடுத்தது ஜன்னல் பக்கச் சுவர். அதில் பழைய டிஸ்டெம்பர் பூச்சு. கையால் தடவினாலே மாவாக வருகிறது. அதைச் சுரண்டி பிரைமர் அடிக்காமல் டேப்பைத் தொடப்போவதில்லை.