ரொட்டி மட்டும் கேட்கும் பிள்ளைக்கு

பிள்ளை சாப்பிடவில்லை என்றதும் நம் வீடுகளில் கையில் கொடுப்பது தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான். தயவுசெய்து நிறுத்துங்கள். தேயிலையில் உள்ள டானின், சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது, சீனியும் சேர்ந்தால் அந்தச் சின்ன வயிற்றில் சோற்றுக்கு இடமே இருக்காது.

புதுக் கறியை முதல் நாளே துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள், ஒரே உணவை 10, 15 தடவை கண்ட பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைப்பார்கள், அதுவரை அதட்டாமல் கொஞ்சமாகத் தட்டில் வைத்துக்கொண்டே இருங்கள்.

நுவரெலியாப் பக்கம் கரட், லீக்ஸ், போஞ்சிக்குக் குறையில்லை. ரொட்டிக்கு மாவு பிசையும்போதே துருவிய கரட்டும் பொடியாக நறுக்கிய கீரையும் ஒரு முட்டையும் சேர்த்துவிடுங்கள், சம்பலில் உறைப்பைக் குறைத்தால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. பருப்பை இறக்கியதும் கொஞ்சம் தேசிக்காய் பிழிந்தால் பருப்பிலுள்ள இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

அப்புறம் ஒன்று. எடை குறைந்த பிள்ளைக்கென்று கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவை வீட்டில் எல்லோரும் பங்குபோட வேண்டாம். தேங்காய்ப்பூ சேர்த்து உருண்டை பிடித்து அந்தப் பிள்ளைக்கே கொடுங்கள், கஞ்சியாகக் குடிக்காதது உருண்டையாகச் சாப்பிடும்.