பாடும் பறவைக்கு அலகு செய்வது

சாவி கொடுத்தால் சிறகடித்துப் பாடும் பழைய பறவைப் பெட்டிகள் கொழும்பில் திருத்த வரும்போது பெரும்பாலும் பாட்டு இருக்கும், கீழ் அலகு இருக்காது. அசையும் துண்டு அது. தூசி துடைக்கிற துணியில் மாட்டிக் கழன்றுவிடும்.

செய்தவர் பாரிஸின் பொந்தெம் ஆனாலும் ஜெர்மனியின் கிறீஸ்பவும் ஆனாலும், முதல் வேலை சுருள்வில்லின் முறுக்கை முழுதாக இறக்குவதுதான். முறுக்கு இருக்கையில் வேகம் தணிக்கும் காற்றாடியைக் கழற்றினால் சக்கரங்கள் வெறிகொண்டு ஓடிப் பல் உதிரும்.

அளவுக்குப் படம் தேட வேண்டாம். நீளத்தை மேல் அலகு சொல்லும், அச்சின் தடிப்பைத் தலையிலுள்ள துளை சொல்லும். கவனம் வேண்டியது, அலகை அசைக்கும் இழுகம்பி மாட்டும் துளையில். அது அச்சுக்கு நெருங்கினால் அலகு அகலத் திறக்கும், விலகினால் முணுமுணுப்பதுபோல் அசையும். அரை மில்லிமீற்றர் பிசகினாலே கண்ணுக்குத் தெரியும். அதனால் முதலில் தடித்த காகிதத்தில் வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டே 0.2 மி.மீ. பித்தளைத் தகட்டில் கைவைக்கலாம். அச்சுக்கு உருக்குக் கம்பி வேண்டாம், கடற்காற்றில் துருப்பிடித்து இறுகும். பித்தளைக் கம்பியே போதும். இழுகம்பியை மாட்டுமுன் தலையைச் சாய்த்தால் அலகு தன் பாரத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் துளையை இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள். இறுகிய அலகு வில்லின் வலுவைத் தின்னும், பாட்டு இழுபடும்.

வாலை அசைக்கும் நெம்பு உடைந்திருந்தால் செட்டியார் தெருவில் பொன் வேலை செய்பவர்களிடம் கொடுக்கத் தோன்றும். வெண்காரமும் வெள்ளிப் பற்றாசும் வைத்து அழகாக ஒட்டித் தருவார்கள். ஆனால் அந்தச் சூட்டில் பித்தளை மென்மையாகி, வில்தன்மை போய்விடும். மெல்ல அடித்து இறுக்கினால்தான் மீளும். இதைவிடப் புதுத் தகட்டில் நெம்பையே வெட்டுவது நல்லது. இறகு ஒட்டிய உடலுக்குப் பக்கத்தில் எந்தச் சூடும் ஆகாது.

பாட்டுக்குக் காற்று ஊதும் துருத்தியின் தோலுக்குச் சுப்பர் குளூ போடுவது பெரிய அநியாயம். காய்ந்த இடம் விறைத்து மடிப்பிலேயே வெடிக்கும். விலங்குத் தோலில் காய்ச்சும் சரேசப் பசைதான் சரி, ஆனாலும் கொழும்பு ஈரத்தில் அது இளகும், பூஞ்சணம் பிடிக்கும். பெட்டியைச் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைக்கச் சொல்ல வேண்டும். பாட்டின் சுரத்தை மாற்ற ஊதுகுழலுக்குள் ஓடும் தண்டுக்கு எண்ணெய் ஒரு துளியும் வேண்டாம்.

பழைய பறவைகளில் ஓசனிச்சிட்டு இறகு இருக்கும். அதன் வணிகம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கைக்கு உட்பட்டது, ஆகவே கோழியின் கழுத்து இறகுக்குச் சாயமேற்றுவதே வழி. புது அலகின் உட்புறம் ஊசியால் ஒரு கீறல் போட்டு, ரசீதிலும் "கீழ் அலகு புதிது" என்று எழுதிவிடுங்கள். நாளைக்கு வாங்குபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.