குளத்துக்கு ஒரு மூச்சு ஓட்டை

மூன்று வருடத்துக்கு முன்னால், கனடாவில் டொரோண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் வீட்டுக்குப் பின்னால் தோண்டிய சின்னக் குளத்தில் ஏழு தங்கமீன் விட்டேன். முதல் குளிர்காலம் போய் ஐஸ் உருகினபோது நாலுதான் மிச்சம். மற்ற மூன்றும் வயிறு மேலே தெரியக் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. குளிர்தான் கொன்றுவிட்டது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். குளிர் இல்லை, மூச்சுமுட்டல்.

தண்ணீருக்கு 4 டிகிரியில்தான் அடர்த்தி அதிகம். அதனால் மேலே ஐஸ் கட்டினாலும் அந்த 4 டிகிரித் தண்ணீர் அடியில் தங்கிவிடும், மூன்றடிக்கு மேல் ஆழம் இருந்தால் காமெட், ஷுபன்கின் மாதிரி நீள உடம்புத் தங்கமீன் வகைகள் அங்கேயே மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். (ஒரண்டா, பிளாக் மூர் போன்ற உருண்டை மீன்களை மட்டும் வீட்டுக்குள் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.) ஆக்சிஜன் குறைந்தாலும் தங்கமீன் சட்டென்று சாகாது, உடம்பில் சேரும் லாக்டிக் அமிலத்தை ஆல்கஹாலாக மாற்றிச் செவுள் வழியாக வெளியேற்றிவிடும், நினைத்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிற உயிர். ஆனால் என் குளத்தில் மேப்பிள் சருகு மட்கி, வசந்தத்தில் கையை விட்டால் கறுப்புச் சேறும் அழுகின முட்டை நாற்றமும்தான் வந்தது. மேலே முழுக்க ஐஸ் மூடியிருந்தால் அந்த வாயு எங்கே போகும்?

இப்போது சருகு விழாமல் இருக்க, செப்டம்பர் கடைசியிலேயே குளத்துக்கு மேல் வலை கட்டிவிடுகிறேன். தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்து, 10 டிகிரிக்குக் கீழே போனதும் தீனியை நிறுத்திவிடுவேன், அந்தக் குளிரில் அதுக்குச் செரிக்காது. இதுதான் கஷ்டம். போன நவம்பரில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, வெயில் அடித்த ஒரு மத்தியானம், கையில் ஒரு பிடி சோற்றோடு குளத்தங்கரையில் நின்றார். "வாயைத் திறந்து திறந்து கேக்குது, பட்டினி போடுறியேடா" என்றார். சோற்றை வாங்கி அணிலுக்கு வைத்தேன்.

அப்புறம், மிதக்கிற டீ-ஐசர் ஒன்று, தன்னைச் சுற்றி ஐஸ் கட்டாமல் பார்த்துக்கொள்ளும் கரண்ட் ஹீட்டர். குளத்தைச் சூடாக்குவது அதன் வேலை இல்லை, தாம்பாளம் அளவுக்கு ஓட்டை திறந்திருந்தால் போதும். காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டால் மேல்மட்டத்திலேயே தொங்கவிடுங்கள், அடியில் போட்டால் கீழே இருக்கும் கதகதப்பும் கலைந்துவிடும். கரண்ட் போய் ஓட்டை மூடிவிட்டால் தயவுசெய்து சுத்தியலால் உடைக்காதீர்கள், அந்த அதிர்ச்சி தண்ணீர் வழியாக நேரே மீனைத் தாக்கும். கொதிக்கிற தண்ணீரோடு ஒரு பாத்திரத்தை ஐஸ் மேல் வையுங்கள், மெதுவாக உருகி வழிவிடும்.

பாவம் பார்த்து ஏரியில் கொண்டுபோய் விடவும் வேண்டாம். இங்கே ஒன்டாரியோ ஏரியை ஒட்டிய ஹாமில்டன் துறைமுகத்தில் தங்கமீன் பெருகி, அங்கேயே பிறந்து வளர்ந்த மீன்களுக்கு இடமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

இந்த வருடம் நாலும் இருக்கின்றன. ஏப்ரல் பிறந்ததிலிருந்து அம்மா போனில் முதலில் கேட்பது மீனுக்குச் சாப்பாடு போட்டாயா என்றுதான். இன்னும் எட்டு டிகிரிதான் அம்மா, பத்தைத் தாண்டி ஒரு வாரம் நிற்கட்டும் என்கிறேன்.