டேங்க் ப்ளோட்டை வீட்டுலயே செக் பண்ணேன்

என் பழைய பெட்ரோல் கார்ல ஒரு மாசமா பெட்ரோல் மீட்டர் முள்ளு பாதி டேங்க் வரைக்கும் ஒழுங்கா இறங்கும், பாதிய தொட்டதும் பொத்துனு காலிக்கு விழுந்துடும், குண்டு குழில ஏறி இறங்குனா மறுபடி எழுந்துக்கும். காட்டுன இடத்துல ப்ளோட்டை (டேங்குக்குள்ள பெட்ரோல் மட்டத்தோட ஏறி இறங்கி மீட்டருக்கு அளவு சொல்ற மிதவை) பம்பு அசெம்ப்ளியோட மாத்தணும்னாங்க. வண்டி நல்லா ஓடுறப்போ பம்பை எதுக்கு மாத்தணும்னு மனசு ஒப்பல.

டேங்கை திறக்காமலே பாதி விஷயம் தெரிஞ்சுடும். எனக்கு பின்சீட்டுக்கு அடியிலேயே பம்பு, ப்ளோட்டை எடுக்குற மூடி இருக்கு (டேங்கையே இறக்கணும்ங்கிற வண்டினா வீட்டுல தொடாதீங்க). சாவிய ஆஃப் பண்ணி, கப்ளரை (வயர் சொருகுற கனெக்டர்) கழட்டி, வயரிங் படம் பாத்து ப்ளோட் பின் ரெண்டுலயும் மல்டிமீட்டரை ஓம்ஸ்ல (மின்தடை அளக்குற செட்டிங்) வெச்சேன். தம்பி பின்னாடி நின்னு வண்டிய ஆட்டுனான், 60, 62னு ஓடிட்டு இருந்த நம்பர் சட்டுனு 1னு நின்னுடுச்சு, அதாவது லைன் கட். கோளாறு டேஷ்போர்டு மீட்டர்ல இல்ல, உள்ளதான்.

டேங்கை திறக்கிற அன்னைக்குதான் ரொம்ப ஜாக்கிரதையா இருந்தேன். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிர்லயே பத்திக்கற அளவுக்கு ஆவி விடும், நம்ம வெயில்ல கேக்கவே வேணாம், அந்த ஆவி காத்தை விட கனம், கீழயே தங்கும். அதனால ட்ரிப் மீட்டர் பாத்து பெட்ரோலை நல்லா குறைச்சுட்டு, போர்டிகோல இல்லாம வெட்டவெளில நிறுத்தி, நாலு கதவும் திறந்து, போனை வீட்டுக்குள்ள வெச்சுட்டு, தீயணைப்பு சிலிண்டரை கைக்கெட்டுற தூரத்துல வெச்சேன். பம்பு ஃப்யூஸை புடுங்கி வண்டி தானா நிக்கிற வரைக்கும் ஓடவிட்டா லைன்ல பிரஷர் இறங்கிடும், அப்புறம் பேட்டரி நெகட்டிவ். இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் மூடியில கை வெக்கணும், பேட்டரி வயரை கழட்டும்போதே பொறி வரும்.

பம்பையும் ப்ளோட்டையும் டேங்கோட இறுக்கிப் பிடிக்கிற லாக் ரிங்கை கட்டையால தட்டி சுத்துனேன், இரும்பு உளி வேணவே வேணாம். ப்ளோட் கம்பி வளையாம சாய்ச்சு எடுத்து, ஓட்டைய துணியால மூடிட்டு, தள்ளிப்போய் காயவிட்டு மெதுவா தூக்கி இறக்கி அளந்தேன். என் வண்டில ஃபுல்லுக்கு 14 ஓம்ஸ், காலிக்கு 110 பக்கம், நடுவுல ஒரே ஒரு இடத்துல 1. வெளிச்சத்துல பாத்தா ப்ளோட் கம்பியோட முனை உரசிப் போற கருப்பு பட்டையில சரியா நடுவுல முடி மாதிரி ஒரு கோடு, தேஞ்சே போயிருக்கு!

ப்ளோட் மட்டும் புதுசு வாங்கி, ரப்பர் ரிங்கும் புதுசா போட்டேன், பழசுல கசியும். வாடையே இல்லைனு உறுதியாகுற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணல. இப்போ முள்ளு பாதிய தாண்டி நிதானமா இறங்குது.